ஸ்குவாஷில் போடும் பதப்பொடி கெட்டுப்போயிற்றா? வீட்டிலேயே சோதிக்கும் வழி

போன ஆவணியில் புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை மலிவாகக் கிடைத்தது. அறுபது பாட்டில் ஸ்குவாஷ் போட்டேன். மூன்றாவது வாரம் ஒரு வாடிக்கையாளர் அம்மா போன் செய்து, “மூடியைத் திருகினா உஸ்ஸுனு சத்தம் வருதும்மா, மேல நுரை நிக்குது” என்றார். வீட்டில் மீதி இருந்த பாட்டில்களைப் பார்த்தேன். பதினோரு பாட்டிலில் கழுத்துப் பக்கம் வெள்ளையாக நுரை வளையம். மொத்தத்தையும் திரும்ப வாங்கிக் கொட்டினேன்.

பழம் சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் பாட்டில் ஈரமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். கடைசியில் தெரிந்தது, குற்றவாளி நான் சந்தேகப்படவே இல்லாத, ஸ்குவாஷ் கெடாமல் இருக்கப் போடும் கே.எம்.எஸ். என்ற பதப்பொடி. பார்க்க வெள்ளை வெளேர் என்று இருந்தது, கட்டி தட்டவில்லை, லேசாக வாசனைகூட இருந்தது. ஆனால் உள்ளே முக்கால்வாசி சத்து போயிருந்தது. இதை ஐந்து நிமிடத்தில் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. புதிதாக ஸ்குவாஷ், ஜாம், ஊறுகாய் போட்டு விற்க ஆரம்பித்திருக்கும் உங்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில், கையில் இருப்பது எந்தப் பொடி?

எல்லாப் பதப்பொடியும் ஒரே மாதிரி கெடாது. அதனால் பெயர் தெரியாமல் சோதனையில் இறங்காதீர்கள். வீட்டுத் தொழில் செய்கிறவர்களிடம் பெரும்பாலும் மூன்றுதான் இருக்கும்.

கே.எம்.எஸ். என்பது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். பாக்கெட்டில் ஐ.என்.எஸ். 224 என்று இருக்கும், ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண். எலுமிச்சை, மாம்பழம், அன்னாசி ஸ்குவாஷுக்கு இதைத்தான் போடுகிறோம். இதிலிருந்து வெளிவரும் கந்தக டை ஆக்சைடு வாயுதான் வேலை செய்கிறது. அந்த வாயு போய்விட்டால் பொடி வெறும் உப்பு.

சோடியம் பென்சோயேட், ஐ.என்.எஸ். 211. திராட்சை, நாவல் மாதிரி நிறமுள்ள பழங்களுக்கு இது. கே.எம்.எஸ். போட்டால் அந்தச் சிவப்பும் ஊதாவும் வெளுத்துவிடும்.

பொட்டாசியம் சார்பேட், ஐ.என்.எஸ். 202. பூஞ்சைக்கு எதிராக நன்றாக வேலை செய்யும். விலை கூடுதல் என்பதால் நம்மில் பலர் வாங்குவதில்லை.

லேபிள் கிழிந்துபோய், “இது அதுதான்னு நினைக்கிறேன்” என்று சொல்லும் நிலையில் ஒரு டப்பா இருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். மூன்றும் வெள்ளைப் பொடி. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போய்விட்டால் அளவும் தப்பும், பலனும் தப்பும். 50 ரூபாய் பொடிக்காக 60 பாட்டிலைப் பணயம் வைக்க வேண்டாம்.

இன்னொரு கண்ணி: சோடியம் மெட்டாபைசல்ஃபைட் என்று ஒன்று இருக்கிறது. பெயரும் வாசனையும் கே.எம்.எஸ். போலவேதான். ஆனால் கே.எம்.எஸ்.ஸில் கணக்குப்படி 57 சதவீதத்துக்குச் சற்று மேல் கந்தக டை ஆக்சைடு என்றால், அதில் 67 சதவீதம். ஒன்றின் அளவை மற்றதற்கு அப்படியே போட்டால் கூடிப்போகும். பாக்கெட்டில் முதல் சொல்லை விரல் வைத்துப் படியுங்கள்.

2. பாக்கெட்டையும் பில்லையும் எடுத்து மேசையில் வையுங்கள்

என் பொடி அரைக் கிலோ பாக்கெட். மூட்டையில் வந்ததைக் கடைக்காரர் சாதாரண பாலித்தீன் கவரில் பிரித்துக் கட்டித் தந்தது. தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. மூட்டை திறந்தே எத்தனை மாதம் இருந்ததோ தெரியாது. அதற்கப்புறம் என் அடுப்படியில் இரண்டு மழைக்காலம் இருந்தது.

இப்போது நான் பார்ப்பது இவை: உணவுத் தரம் என்ற குறிப்பு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி. உரிம எண்ணை அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டுத் தேடினால் அது யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். காசு கிடையாது.

அப்புறம் சி.ஓ.ஏ. என்கிற பகுப்பாய்வுச் சான்று. இது அந்தப் பேட்ச்சைச் சோதித்த ஒரு பக்கத் தாள். சில்லறையாக 100 கிராம் வாங்குகிறவர்களுக்குத் தானாகத் தர மாட்டார்கள், கேட்க வேண்டும். ஆன்லைனில் விற்கிறவர்களிடம் செய்தி அனுப்பிக் கேட்டால் பலர் பி.டி.எஃப். அனுப்புகிறார்கள். அதில் மூன்று வரியை மட்டும் பாருங்கள். பேட்ச் எண் உங்கள் பாக்கெட்டோடு ஒத்துப்போக வேண்டும். தூய்மை அளவு கே.எம்.எஸ்.ஸுக்கு 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பென்சோயேட்டுக்கு 99, சார்பேட்டுக்கு 98. ஈயம், ஆர்சனிக் பற்றிய வரிகள் இருக்க வேண்டும். பில்லையும் சான்றையும் ஒரே ஃபைலில் வைத்திருங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து கேட்டால் நீட்டுவதற்கு அதுதான் உதவும்.

முத்திரை உடைக்காத பாக்கெட், தேதி தாண்டவில்லை என்றால் கவலையில்லை. திறந்த கே.எம்.எஸ். பாக்கெட்டுக்கு அந்தத் தேதி செல்லாது. நான் ஏமாந்ததே இங்கேதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

3. கண்ணும் கையும் மூக்கும் சொல்வது

ஒரு தேக்கரண்டி பொடியைக் கறுப்புத் தட்டிலோ கறுப்புத் துணியிலோ கொட்டி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் தட்டில் எதுவும் தெரியாது.

கே.எம்.எஸ். நல்ல நிலையில் இருந்தால் உலர்ந்த சர்க்கரை போல உதிரும். மூடியைத் திறந்ததுமே தீக்குச்சி எரிந்து அணைந்த வாசனை மூக்கில் சுருக்கென்று ஏறும். முகத்தை டப்பாவுக்குள் விட வேண்டாம், கையால் விசிறி இழுத்துப் பார்த்தால் போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள், இந்த வாயு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும்.

வாசனையே இல்லை என்றால் பொடி செத்துவிட்டது, சந்தேகமில்லை. ஆனால் வாசனை இருக்கிறது என்பதால் பொடி முழுப் பலத்தோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கால்வாசி மிச்சமிருந்தாலும் மூக்குக்குத் தெரியும். காற்றுப் பட்டுப்பட்டு கே.எம்.எஸ். மெதுவாகச் சல்ஃபேட்டாக மாறுகிறது. அதுவும் வெள்ளைப் பொடிதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கட்டி தட்டி, உடைத்தால் உள்ளே ஈரப்பசையாக இருந்தால் அதை உணவில் போடாதீர்கள்.

பென்சோயேட் விஷயம் வேறு. அது சுபாவத்திலேயே நிலையான பொடி, வாசனை கிடையாது. ஈரம் இழுத்துக் கட்டியாகியிருந்தால் பயப்பட வேண்டாம். விரலால் நசுக்கினால் உதிர்கிற கட்டி என்றால் பலம் அப்படியேதான் இருக்கும். பழுப்பு நிறம், எறும்பு, மசாலாத் தூள், நனைந்த கரண்டி பட்ட அடையாளம், இவற்றைத்தான் தேட வேண்டும்.

சார்பேட் வெள்ளையாகவோ மிக லேசான பாலாடை நிறத்திலோ இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும், பழைய எண்ணெய் மாதிரி காட்டமான வாடை வரும். மஞ்சள் கண்ணுக்குத் தெரிந்தாலே விட்டுவிடுங்கள், ஜாமின் ருசியையே கெடுத்துவிடும்.

4. கே.எம்.எஸ்.ஸுக்குப் பீட்டாடின் சோதனை

மூக்கால் முடிவு செய்ய முடியாததை இது சொல்லிவிடும். புண்ணுக்குப் போடும் அதே பழுப்பு நிற போவிடோன் அயோடின்தான். மருந்துக்கடையில் கரைசலாகக் கேளுங்கள். களிம்பு உதவாது, கை கழுவும் சோப்பு வகையும் உதவாது. அப்புறம் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று, 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று. தராசு 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். எப்படியும் உங்களுக்கு அது வேண்டும், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கந்தக டை ஆக்சைடு, அயோடினின் நிறத்தை அழித்துவிடும். எவ்வளவு அயோடினை அழிக்கிறது என்று அளந்தால், பொடியில் எவ்வளவு பலம் மிச்சம் என்று தெரிந்துவிடும்.

ஒரு கிராம் பொடியைத் துல்லியமாக எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் நல்லது, குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் கணக்கைக் கெடுக்கும். கரைத்ததும் தள்ளிப்போடாமல் உடனே அதில் 10 மில்லியைக் கண்ணாடி டம்ளரில் எடுங்கள். வடித்த கஞ்சித் தண்ணீர் நாலைந்து சொட்டு விடுங்கள். இப்போது சிரிஞ்சால் பீட்டாடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள்.

முதல் சொட்டு விழும்போது பழுப்பாகப் பரவி, கண் எதிரிலேயே மறையும், தண்ணீர் மறுபடி தெளிந்துவிடும். அடுத்த சொட்டும் அப்படியே. போகப்போக மறைய நேரமெடுக்கும். ஒரு கட்டத்தில் ஒரே சொட்டில் டம்ளர் முழுக்கக் கருநீலமாகி, கலக்கினாலும் போகாமல் நிற்கும். அங்கே நிறுத்தி, எத்தனை மில்லி போயிற்று என்று பாருங்கள்.

5 சதவீதக் கரைசல் என்றால் புதுப் பொடிக்கு 4.6 மில்லி அளவு இறங்க வேண்டும். 10 சதவீதக் கரைசல் என்றால் 2.3 மில்லி. என் பழைய பொடிக்கு 5 சதவீதக் கரைசல் 1.1 மில்லியிலேயே நீலமாகிவிட்டது. அதாவது கால்வாசிப் பலம். 350 பி.பி.எம்., அதாவது கிலோவுக்கு 350 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு, போட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்த ஸ்குவாஷில் உண்மையில் 80 சொச்சம்தான் இருந்திருக்கிறது. பிறகு ஈஸ்ட் பொங்காமல் என்ன செய்யும்?

திறந்து நாளான பீட்டாடினும் பலம் குறையும். அதனால் முடிந்தால் புதிதாக வாங்கிய பொடியையும் பழையதையும் ஒரே பாட்டில் பீட்டாடினால் அடுத்தடுத்து சோதியுங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம். புதியதற்கு இறங்கிய அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் குறைவாகப் பழையது எடுத்துக்கொண்டால் நான் அதை உணவில் போடுவதில்லை. சோதித்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, அந்த டம்ளரைச் சமையலுக்குப் பயன்படுத்தாமல் தனியாக வைத்துவிடுங்கள்.

இங்கே எல்லோருக்கும் வரும் யோசனை ஒன்று உண்டு: “பாதிப் பலம்தானே இருக்கு, ரெண்டு மடங்கு போட்டுடலாம்.” தயவுசெய்து செய்யாதீர்கள். டப்பாவின் மேல்பக்கம் காற்றுப் பட்டு ஒரு பலமும் அடியில் வேறு பலமும் இருக்கும். ஒரு பாட்டிலில் குறையும், அடுத்ததில் சட்ட அளவைத் தாண்டும். சாப்பிடுகிறவர் யாருக்கு ஆஸ்துமா இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

5. பென்சோயேட்டுக்கும் சார்பேட்டுக்கும்

பீட்டாடின் சோதனை இவற்றுக்குச் செல்லாது. இவற்றுக்கு நான் செய்வது கரைத்துப் பார்ப்பது மட்டும்தான். கால் தேக்கரண்டி பொடியை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் கண்ணாடி போலத் தெளிவாகக் கரைய வேண்டும். கலங்கலோ அடியில் மண்டியோ மேலே மிதக்கும் தூசியோ இருந்தால் கலப்படம், அல்லது வேறேதோ விழுந்திருக்கிறது.

பென்சோயேட்தானா என்ற சந்தேகம் வந்தால், ஒரு தேக்கரண்டி பொடியை இரண்டு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து, கெட்டியாகக் கரைத்த சிட்ரிக் ஆசிட்டை ஊற்றுங்கள். வெள்ளை வெள்ளையாகத் திரிந்து நிற்கும். அது பென்சாயிக் அமிலம். சார்பேட்டும் இப்படித்தான் திரியும் என்பதால் இரண்டில் எது என்று இது பிரித்துச் சொல்லாது. திரியவே இல்லை என்றால் இரண்டுமே இல்லை.

இதே காரணத்தால்தான் தயாரிப்பிலும் பென்சோயேட் பொடியை நேரே எலுமிச்சைச் சாற்றில் கொட்டக் கூடாது. திரிந்து அடியில் தங்கிவிடும், பொடி கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். கொஞ்சம் வெந்நீரில் தனியாகக் கரைத்து, கலக்கிக்கொண்டே சேருங்கள்.

6. பொடியின் மேல் பழி போடும் முன்

பொடி நன்றாக இருந்தும் பொருள் கெடும் மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று புளிப்பு. அதை பி.எச். என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பென்சோயேட் பி.எச். 4.5க்கு மேல் வேலை செய்யாது, 4க்குக் கீழே இருந்தால் நல்லது. கே.எம்.எஸ்.ஸும் புளிப்பில்தான் பலம் காட்டும். நன்கு பழுத்த மாம்பழம், சப்போட்டா மாதிரி புளிப்புக் குறைந்த பழத்துக்கு சிட்ரிக் ஆசிட் போதாவிட்டால் உலகத்திலேயே நல்ல பொடியும் காப்பாற்றாது. பி.எச். தாள் ஒரு கட்டு 100 ரூபாய்க்குள் வரும், வாங்கி வையுங்கள்.

இரண்டு சூடு. கொதிக்கிற பாகில் கே.எம்.எஸ். போட்டால் வாயு அங்கேயே பறந்துவிடும். அடுப்படி முழுக்கக் கந்தக வாடை அடிக்கிறது என்றால் பாட்டிலுக்குள் போக வேண்டியது காற்றில் போகிறது என்று பொருள். நன்றாக ஆறிய பிறகு, கொஞ்சம் ஸ்குவாஷிலேயே கரைத்துக் கடைசியில் சேருங்கள்.

மூன்று அளவு. எனக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த ஸ்குவாஷ் அளவு 350 பி.பி.எம். கந்தக டை ஆக்சைடு. அதற்குக் கிலோவுக்கு 0.6 கிராம் கே.எம்.எஸ். போட வேண்டும். பென்சோயேட் என்றால் 600 பி.பி.எம். பென்சாயிக் அமிலம், கிலோவுக்கு 0.7 கிராம் பொடி. காய்கறி நிறுக்கும் தராசு இதைக் காட்டவே காட்டாது, “ஒரு சிட்டிகை” என்பது ஆளுக்கு ஆள் மாறும். நகைத் தராசு வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். ஜாமுக்கும் ஊறுகாய்க்கும் அளவு வேறு, அதுவும் ஸ்குவாஷைவிடக் குறைவு. உங்கள் பொருளுக்கு இன்று நடப்பில் உள்ள அளவை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அட்டவணையில் பார்த்துவிட்டுத்தான் போடுங்கள். லேபிளில் கே.எம்.எஸ். போட்டதைக் குறிப்பிடுங்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராம் சல்ஃபைட் இருந்தாலே ஒவ்வாமைக் குறிப்பில் சொல்லியாக வேண்டும்.

7. எவ்வளவு வாங்குவது, எங்கே வைப்பது

அரைக் கிலோ வாங்கினால் மலிவு என்று வாங்கினேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிலோ ஸ்குவாஷுக்கே 60 கிராம் கே.எம்.எஸ். போதும். 100 கிராம் பாக்கெட் நம் மாதிரி வீட்டுத் தொழிலுக்கு ஒரு சீசன் முழுக்க வரும். சின்ன பாக்கெட்டாக இரண்டு வாங்கி, ஒன்றைத் திறக்காமல் வையுங்கள். நான் இப்போது திறந்த கே.எம்.எஸ்.ஸை ஆறு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் திறந்தது என்றால், மழை முடிந்ததும் ஒரு முறை பீட்டாடின் சோதனை. பென்சோயேட்டுக்கு அவ்வளவு அவசரமில்லை, பாக்கெட்டில் உள்ள தேதிவரை வைக்கலாம்.

வைக்கும் டப்பா கண்ணாடி அல்லது கெட்டி பிளாஸ்டிக், மூடி பிளாஸ்டிக். தகர மூடி போட்டால் கே.எம்.எஸ். வாயு அதைத் துருவேற்றி, துரு பொடியில் விழும். டப்பா பெரிதாகவும் பொடி கொஞ்சமாகவும் இருந்தால் உள்ளே காற்று அதிகம், சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்துத் திறக்கும்போது குளிர்ந்த பொடியில் ஈரம் படியும். சிட்ரிக் ஆசிட் டப்பாவுக்குப் பக்கத்திலும் வேண்டாம், ஒரே கரண்டியை இரண்டுக்கும் போடவே வேண்டாம். கே.எம்.எஸ்.ஸைக் கரைத்துப் பாட்டிலில் சேமிப்பதும் கூடாது, கரைசல் பொடியைவிட வேகமாகச் சாகும். டப்பாமேல் பெயர், வாங்கிய தேதி, திறந்த தேதி மூன்றையும் மார்க்கரால் எழுதுங்கள். வாங்கிய தேதியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், உண்மையில் தேவைப்படுவது திறந்த தேதி.

8. கெட்ட பொடியை என்ன செய்வது, எப்போது லேபுக்குப் போவது

கெட்ட கே.எம்.எஸ்.ஸைப் பெரிய வாளித் தண்ணீரில் கரைத்து, வெளியே காற்றாடும் இடத்தில், நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ ஊற்றிய இடத்தில் கொட்டவே கூடாது. ஆசிட் பட்டால் மிச்ச வாயு மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பும்.

லேப் சோதனை 100 கிராம் பொடிக்குக் கட்டுப்படியாகாது. கட்டணத்துக்குப் பத்து பாக்கெட் புதுப் பொடி வாங்கிவிடலாம். ஆனால் கடைகளுக்குச் சப்ளை ஆரம்பிக்கும்போது, பொடியை அல்ல, உங்கள் ஸ்குவாஷையே ஒரு முறை என்.ஏ.பி.எல். என்கிற தேசிய ஆய்வக அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுத்து, கந்தக டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்கிற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. எந்த லேபாக இருந்தாலும் எவ்வளவு மாதிரி வேண்டும், எத்தனை நாளில் முடிவு தருவார்கள், கட்டணம் எவ்வளவு என்று போனில் கேட்டுக்கொண்டு பிறகு அனுப்புங்கள். உடையாத பிளாஸ்டிக் பாட்டிலில், உங்கள் பேட்ச் எண்ணை எழுதி அனுப்புங்கள்.

இதோடு நான் விடாமல் செய்யும் ஒரு காரியம்: ஒவ்வொரு முறை போடும்போதும் இரண்டு பாட்டிலை விற்காமல் எடுத்து, அடுப்படி அலமாரியில் வெக்கை படும் இடத்தில் மூன்று வாரம் வைத்துவிடுகிறேன். இருபத்தொன்றாம் நாள் மூடியைத் திருகும்போது சத்தம் வராமல், கழுத்தில் நுரை இல்லாமல் இருந்தால்தான் அந்தப் பேட்ச் வீட்டை விட்டு வெளியே போகும்.